நோன்புக் கஞ்சியில் எக்ஸ்

மலேசியாவின் கிள்ளானில், சூரா எனப்படும் சிறு தொழுகைக்கூடம் ஒன்றின் பின்கட்டு. ஆவி முகத்தில் அடிக்க, நாஜியாவுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. நாற்பது கிலோ கஞ்சிக்கு அவள் நானூறு கிராம் உப்புப் போட்டிருந்தாள். அது தெரியாமல் புருஷன் ஹாசிம் இன்னும் இருநூறு கொட்டிவிட்டான். நோன்பு வாய். நாக்கில் வைத்துப் பார்க்க இருவருக்கும் மனசு வரவில்லை. பக்கத்து அடுப்பில் வெந்த உப்பில்லாக் கஞ்சியை அவன் பெரிய சட்டியில் ஊற்ற ஊற்ற, அவள் பேரீச்சம்பழப் பெட்டியின் அட்டையில் எழுதிய கணக்கை மூன்றாம் முறையாக விரலால் தடவிப் பார்க்கிறாள். உப்பு ஒரு சதவீதம்தான் இருக்கவேண்டும். நாற்பதோடு எக்ஸ் கிலோ சேர்ந்தால், அதில் நூற்றில் ஒரு பங்கு அறுநூறு கிராம். அப்படியென்றால் மொத்தம் அறுபது. எக்ஸ் இருபது.

"சரியா வரும்லா?" என்கிறான் ஹாசிம், கிளறிக்கொண்டே.

"கணக்கு சரிதாங்க. நீங்க இருநூறுதானே போட்டீங்க?"

அகப்பை ஒரு நொடி நிற்கிறது. "கையால அள்ளித்தான் போட்டேன். இருநூறு இருக்கும்லா."

பாங்கு ஒலிக்கிறது. வெளியே நூறு கிண்ணங்கள் உதட்டுக்கு ஏறுகின்றன. கையிலிருக்கும் பேரீச்சம்பழத்தைக் கடிக்க மறந்து, முதல் வாய் விழுங்குகிறவரின் தொண்டையையே நாஜியா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.