மூன்றாவது மனு

உப்பளத்து வெள்ளையில் கூசிக் கூசியே இரண்டு கண்ணும் போய்விட்ட பஞ்சாட்சரத்துக்கு, ஊனமுற்றோர் உதவித்தொகை உத்தரவைத் தபால்காரர் படித்துக் காட்டினார்.

"ரெண்டு தடவை தள்ளிட்டாங்க சார். சம்பாதிக்கிற வயசுல புள்ள இருந்தா அப்பனுக்குக் கிடையாதாம், அதான் ரூலு. எம் புள்ள குணாளன் கொச்சியில போட்ல வேலை செய்றான்ல?"

"இப்ப மட்டும் எப்பிடிக் குடுத்தாங்க?"

"மூணாவது மனு இவ போட்டது." பஞ்சாட்சரம் மனைவி இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏன்டி அஞ்சலாட்சி, புள்ளையே இல்லன்னு பொய் எழுதிக் குடுத்துட்டியா?"

"மனுவுல நான் பொய் எழுதலய்யா."

குரல் உடைந்திருந்தது.

பஞ்சாட்சரம் காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்தார்.

"பொங்கலுக்கு வர்றான்னு நேத்துகூட சொன்னியேடி..."