மொட்டை மாடியில் ஒரு தீம் பார்க்

"என்ன சுபேதாரே, மாடியில ரூம் கட்டப் போறேன்னு மணலை ஏத்திட்டு, இப்ப அதுல சின்னப் புள்ள மாதிரி வெளாடுதீகளா?"

படியேறி வந்த நஸ்ருதீன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புக் கடை வைத்திருக்கிறார். இந்தக் கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில், சென்னைப் பக்கம் இருக்கும் பெரிய தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பாண்டிதுரை, மணலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய காலின் முட்டியில் பெரிய பிளாஸ்திரி.

"வெளாட்டு இல்ல பாய். சாண்ட் மாடல். பட்டாளத்துல ஒரு எடத்துக்குள்ள நுழையணும்னா, மொதல்ல அந்த எடத்தை மண்ணுல செஞ்சு பாத்துருவோம்."

"நாம என்ன சண்டைக்கா போறோம்? ராட்டினம் ஆடப் போறோம். போனைத் தட்டுனா மேப்பு வந்துட்டுப் போகுது!"

"மேப்பு தட்டையால்ல இருக்கும்? மேடு பள்ளம் தெரிய வேண்டாமா?"

"அது சரி. முட்டியில என்ன?"

"பைக்ல சறுக்கிட்டேன்" என்றார் சுபேதார், மணலைப் பார்த்தபடியே.

மணலுக்கு அந்தப் பக்கம் அவர் மகள் பானுப்பிரியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் அப்பாவுக்கு இத்தனை பாடும்.

"எப்பா, நீங்க என்ன செஞ்சாலும் நான் வரல. போன வருசம் கூட்டிட்டுப் போன பார்க்குல எல்லாரும் ஆடப் போயிட்டீக. என்னை மட்டும் ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு, 'பையைப் பாத்துக்கோ, எங்கயும் அசையாத'ன்னு சொல்லிட்டீக. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா சரியாப் போச்சா?"

டீ கொண்டுவந்த அம்மா மாரிச்செல்வியின் முகம் வாடியது. "கூட்டம் அப்படி இருந்துச்சுட்டீ. பயந்துதான் சொன்னேன்." அந்தப் பெஞ்சு ஒரு வருடமாக அவள் மனதையும் அறுத்துக்கொண்டிருந்தது.

நஸ்ருதீன் குனிந்து பார்த்தார். "இதென்ன, புளியங்கொட்டையைப் பதிச்சு வெச்சிருக்கீக?"

"அது சரளைக்கல்லுப் பாதை. அந்த உப்புத்தாள் சிமெண்டுத் தரை. தேங்கா நாரு புல்வெளி. தட்டுல தண்ணி இருக்குல்ல, அதான் அலை அடிக்கிற குளம்."

"இந்த சைக்கிள் ரிம்மு?"

"ராட்சத ராட்டினம்."

"ஏதோ பினாயில் வாடை அடிக்குதே?"

"நனைச்ச பஞ்சு வெச்சிருக்கேன். அது டாய்லெட். அந்தப் பக்கம் கிராம்பு வெச்சிருக்கது சாப்பாட்டு ஹால்."

"யா அல்லாஹ், டாய்லெட்டைக்கூட விடலையா!" என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு இப்போதுதான் ஏதோ பிடிபட்டது. மெதுவாக மணலோரம் உட்கார்ந்தார். "இம்புட்டும் எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"போன வாரம் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பென்சன் வேலையா மெட்ராஸ் போறேன்னுல்ல சொன்னீக?" மாரிச்செல்வி வாயில் கை வைத்தாள்.

"டிக்கெட் எடுத்து உள்ள போனேன். செருப்பைக் கழத்திக் கையில வெச்சுக்கிட்டு அம்புட்டு எடமும் நடந்தேன். ஒரு செக்யூரிட்டிக்குச் சந்தேகம் வந்து சாயங்காலம் வரைக்கும் பின்னாலயே வந்தான்."

"பார்க்குக்குப் போயி ஒரு ராட்டினத்துலயும் ஏறாம வந்த மொத ஆளு நீங்கதான் சுபேதாரே! நான்லாம் வேனுக்கு அட்வான்ஸ் குடுத்ததோட சரி." நஸ்ருதீனின் குரலில் கேலி போய் மரியாதை ஏறியிருந்தது.

பானுப்பிரியாவின் கை மெல்ல மணலுக்கு இறங்கியது. "வாசல் எது?"

"தீப்பெட்டி."

அவள் விரல் தீப்பெட்டியிலிருந்து உப்புத்தாளுக்குப் போனது. அங்கிருந்து புளியங்கொட்டை. சட்டென்று நின்றது. "இது என்ன, பென்சில் துண்டு?"

"படி. அங்க கவனமாப் போகணும்" என்றார் அப்பா சுருக்கமாக.

"படி தாண்டினா புல்லு. புல்லைக் கடந்து இடது பக்கம் ராட்டினம்... எப்பா, ரிம்மு ஆடுது. நல்லா ஊண்டுங்க."

"எஸ் மேடம்!" உட்கார்ந்தபடியே ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ரிம்மை ஊன்றினார் சுபேதார்.

இரண்டாம் முறை அவள் எங்கும் நிற்கவில்லை. வாசலிலிருந்து ராட்டினம், ராட்டினத்திலிருந்து குளம், குளத்திலிருந்து சாப்பாட்டு ஹால் என்று ஒரே ஓட்டமாகப் போய் வந்தாள். முகத்தில் இருந்த இறுக்கம் போன இடம் தெரியவில்லை.

"சரி, வாரேன். ஆனா ஒண்ணு. நான்தான் முன்னால போவேன். எல்லாரும் எனக்குப் பின்னாலதான் வரணும்."

"உத்தரவு தாயி!"

அப்பாவின் குரல் வந்த பக்கம் அவள் கையை நீட்டினாள். முட்டியில் இருந்த பிளாஸ்திரி தட்டுப்பட்டது.

"எப்பா, பைக்ல விழல நீங்க. அந்தப் படிதானே இது?"

சுபேதார் அசடு வழிந்தார். "கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நடந்து பாத்தேனா... படி வந்தது தெரியல தாயி."

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரோரம் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோலை விரித்து மகளின் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். "சாப்பிடப் போவோம். நீ முன்னால போட்டீ."