மாப்பிள்ளை சிப்

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!"

மேனேஜர் இப்படிச் சொன்னதும் சோடாபுட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் சமாளித்தாள். அந்தக் கண்ணாடியால்தான் அவளுக்கு ஆபீசில் அந்தப் பெயர்.

செல்போனுக்கு சிப் செய்யும் கம்பெனி அது. புதுப் போன் ஒன்றுக்கு இரண்டு சிப் போட்டி. ஒன்று சோடாபுட்டி குழுவோடது, இன்னொன்று மாப்பிள்ளை குழுவோடது. எது கம்மியாக கரண்ட் குடிக்கிறதோ அது போனுக்குள் போகும். தோற்ற குழுவைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாப்பிள்ளை என்றால் சும்மா இல்லை, மேனேஜரின் சொந்த மாப்பிள்ளை!

"சார், டெஸ்ட் ரூம்ல ஏசி ரிப்பேர். இப்ப எங்க சிப்பை அளந்தப்ப உள்ள நிக்கவே முடியல. சூடு ஏறினா எந்த சிப்பும் அதே வேலைக்குக் கூடுதலா கரண்ட் இழுக்கும். போன வாரம் இதையே குளிர்ல அளந்தப்ப எவ்வளவு கம்மியா வந்துச்சு, நீங்களே பாத்தீங்களே!"

"எப்பப் பாரு ஒரு சாக்கு. மீட்டர் பொய் சொல்லுமாம்மா?"

விற்பனைப் பிரிவிலிருந்து வந்த மனுஷர். வேறெப்படிப் பேசுவார்?

சோடாபுட்டி, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் கல்லுளிமங்கன் மாதிரி நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள ஏசி சரியாயிடும். அப்புறம் மாப்பிள்ளை சிப்பை அளங்க. சாயங்காலம் முடிவு" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

சாப்பிடும் இடத்தில் இதே பேச்சுதான்.

"நம்மளோடதுக்கு அடுப்பு, அவரோடதுக்கு ஐஸ் பெட்டியா? நல்ல நியாயம்டா சாமி!"

"மாமனாரும் மருமகனும் பேசி வச்சிக்கிட்டுதான் நாடகம் ஆடுறாங்க."

சோடாபுட்டி தட்டைத் தொடவே இல்லை. "நல்ல மனுஷன்னு நெனச்சேன்" என்றாள். வேலை போவதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

சாயங்காலம் முடிவைப் பார்த்த மேனேஜரின் முகம் தொங்கிப்போனது.

"இதென்ன, மாப்பிள்ளை சிப் இந்தக் குடி குடிக்குது? போன வாரம் கம்மியாத்தானே இருந்துச்சு?"

மாப்பிள்ளையின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "ரூம் ஒரே சூடு சார்."

"ஏன், ஏசி?"

"ஓடல."

வந்ததே கோபம் மேனேஜருக்கு!

"யாருக்காவது அறிவிருக்கா? அந்தச் சூட்டுல வச்சு அளந்தா, பாவம், சிப் என்ன பண்ணும்? இதெல்லாம் செல்லாது. நாளைக்கு நல்லா குளிர வச்சு மறுபடி அளங்க!"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"காலையில நானும் இதைத்தான் சார் சொன்னேன்" என்றாள் சோடாபுட்டி, மெதுவாக.

மேனேஜர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"சரி, சரி. ரெண்டையுமே அளங்க. ரெண்டுக்கும் ஒரே குளிர். ஜெயிக்கிறது ஜெயிக்கட்டும்."

வெளியே வந்ததும் சோடாபுட்டி மாப்பிள்ளையை மடக்கினாள்.

"ஏசியை மத்தியானமே சரி பண்ணிட்டாங்களாமே?"

அவர் அசடு வழியச் சிரித்தார். "பண்ணிட்டாங்க. நான்தான் நிறுத்தி வச்சேன்."

"நாளைக்கு நாங்க ஜெயிச்சிட்டா?"

"ஜெயிங்க. உங்களை வேக வச்சு ஜெயிச்சுட்டு நான் எப்படித் தூங்குறது?"

"அதுக்கு இவ்வளவு பாடா? காலையிலேயே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா, 'உங்களுக்கு இளகின மனசு மாப்பிள்ளை'ன்னு முதுகுல தட்டிட்டுப் போயிருப்பார். யார் சொன்னாலும் ஏறாதுங்க. மாப்பிள்ளை சிப்புக்குச் சுட்டாத்தான் எங்க மாமாவுக்கு உறைக்கும்!"