திரும்பிப் போகும் வசதி

பல் டாக்டர் ரிமோட்டைத் தட்டினார், உலுக்கினார். வானத்தில் அந்த மஞ்சள் குட்டி விமானம் அவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை.

"சிக்னல் போச்சு சார்!"

குட்டி விமான கிளப்பின் பயிற்சியாளர் சிரித்தார். "ஏன் பதறுறீங்க டாக்டர்? சிக்னல் போனா, அதுல பதிஞ்சு வச்ச இடத்துக்கு அதுவே திரும்பிப் போய் இறங்கிடும். அதுக்குத்தானே அந்த வசதி?"

"ஐயோ, அதை நிறுத்த முடியாதா?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"கீழே விழட்டும் சார். நொறுங்கிப் போகட்டும், பரவாயில்லை!"

பயிற்சியாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். விமானம் ஊர்ப்பக்கம் திரும்பியது.

டாக்டர் பைக்கை விரட்டினார். சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை. பின்னால் வந்த வசவுகள் காதில் ஏறவில்லை.

"எல்லாத்தையும் மாத்தினேன், அதை மட்டும் மறந்துட்டேனே! கடவுளே, ஏதாவது மரத்துல மோத வையேன்!"

கடவுள் வைக்கவில்லை. மச்சினன் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அது பூப்போல இறங்கியிருந்தது. மச்சினன் அதைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அழுதான்.

"மாமா! இரவல் வாங்கிட்டுப் போனப்ப ஏரியில முழுகிப் போச்சுன்னீங்களே! தானா வந்துடுச்சு பாருங்க!"



தம்பிக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்த டாக்டரின் மனைவி, இறக்கையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முழுகுறப்ப நீலமாத்தானே இருந்துச்சு? ஏரிக்குள்ள பெயிண்ட் கடையும் இருக்கோ?"