ஃபின்டன் ஊதிய துருத்தி

அயர்லாந்தின் கிளேர் பக்கம், இரு கையால் விரித்து மடக்கி வாசிக்கும் கன்சர்டினா வாத்தியத்தின் துருத்தியைப் புதுப்பிப்பதில் ஃபின்டன் கெட்டி. கூலியில் அதைவிடக் கெட்டி. மதுக்கடைக்காரி டிம்ப்னாவின் பழைய வாத்தியத்துக்கு மடிப்பெல்லாம் புது ஆட்டுத்தோல் ஒட்டினான். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே புகை விடுவார்கள். சோம்பல்பட்டு இவன் வாயாலேயே தன் மூச்சை ஊதி உள்ளே அடைத்தான். துளியும் கசியவில்லை.

பிறகு வழக்கம்போல ஆணியில் தொங்கவிட்டான். நல்ல துருத்தி மெல்ல விரிந்து இறங்கும். இது இறங்கியது, தானாக ஏறியது, மறுபடி இறங்கியது. அவன் மூச்சும் அப்படியே. விளையாட்டாகத் துருத்தியைப் பிடித்து நிறுத்தினான், அவன் மூச்சு நின்றது. விட்டதும்தான் வந்தது. தோலைக் கிழிக்கக் கத்தியை எடுத்தவன், வேறு எதுவும் சேர்ந்து கிழியுமோ என்று பயந்து கீழே வைத்தான்.

டிம்ப்னா வாத்தியத்தை வைக்கும் பெட்டியோடு வந்தாள். "சாயங்காலம் ஆட்டம் இருக்குய்யா, குடு."

"இன்னும் காயலக்கா. நாளைக்கு வாயேன்."

"உன் நாளை என் கல்யாண வாழ்க்கையவிட நீளம்!" என்று ஆணியிலிருந்து கழற்றினாள்.

"அழுத்தாதக்கா! விரிச்சபடியே வையி. கூலியே வேணாம்!"

"நீயா கூலி வேணாங்கிற? அப்ப இதுல ஏதோ கோளாறு இருக்கு." சந்தேகத்தோடு இரு உள்ளங்கையாலும் அழுத்தினாள். துருத்தி சத்தமில்லாமல் முழுக்க மடங்கியது. "நல்லாத்தானே இருக்கு! விரிச்சு வச்சா மடிப்புத் தளந்துரும், எனக்கே பாடமா?"

பெட்டியில் திணித்து, மூடி, கொக்கியை மாட்டினாள்.

வாசலில் திரும்பிப் பார்த்தாள். ஃபின்டன் மேசையைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினான். விட்ட கூலியைக் கேட்க வெட்கப்படுகிறான் என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.