இரண்டு பேருடைய கார்

காவல் நிலையத்துக்குப் பின்புறம், பிடித்துப் போட்ட வண்டிகளோடு ஒரு வெள்ளைக் காரும் நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கிய நாய் ஒன்று, "உன் சொந்தக்காரர் யாரு?" என்று கேட்டது.

"ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற பேரு வேதமுத்து. அவர்கிட்ட வாங்கி நாலு வருஷமா ஓட்டினவர் தனசீலன். பேரை மாத்தவேயில்ல. போன மாசம் என்னை ஒரு சைக்கிள்காரர் மேல ஏத்திட்டாரு. போலீஸ் கேட்டா, வேதமுத்து 'எப்பவோ வித்துட்டேன்'ங்கிறாரு. தனசீலன் 'வண்டி என் பேர்லயே இல்லையே'ங்கிறாரு."

நாய் உடம்பை உதறியது.

"எனக்கு சீசர்னு பேர் வெச்சது ஒரு வீடு. தினம் சோறு போட்டது எதிர் வீடு. ரெண்டு வீட்டுலயும் 'எங்க நாய்'னுதான் சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"ஒருநாள் கீரைக்காரம்மாவைக் கடிச்சுட்டேன். அன்னையிலேருந்து நான் தெருநாய்."



மழை விட்ட பிறகும் நாய் அங்கிருந்து போகவில்லை. கேட் திறக்கும் சத்தம் வந்தால் இப்போதும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"யாரு? நம்மளைத் தேடியா?" என்று கார் கேட்கும்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு நாய் மறுபடி படுத்துக்கொள்ளும்.