செசிலியம்மாளின் காது

தேவாலயத்தில் புதுப் படத்தின் திரையை விலக்கியதும் எழுந்த கைதட்டல் பாதியிலேயே நின்றுபோனது.

படத்தில் புனித செசிலியம்மாள் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்தார். கண்கள் வானத்தைப் பார்த்தன. எல்லாம் சரிதான். ஆனால், காதில் ஆரஞ்சு நிற இயர் ப்ளக், நீலக் கயிறோடு. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்களில் இரைச்சலுக்குக் கொடுப்பார்களே, அதேதான்.

இசைக்குப் பாதுகாவலியே காதை அடைத்துக்கொண்டால் பாடகர் குழு எந்த முகத்தோடு பாடுவது?

"இது எனக்கு வெச்ச குத்து" என்றார் பாக்கியராஜ்.

அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. குழுவில் முதல் குரல் அவருடையது. கொஞ்ச நாளாகச் சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆர்மோனியம் வாசிக்கும் அந்தோணி எவ்வளவு ஜாடை காட்டினாலும் இவர் குரலைத்தான் கூட்டுவார். இந்தத் திருநாளோடு அவரை நிறுத்திவிடலாம் என்று குழுவுக்குள் ஒரு முணுமுணுப்பு.

"ரகு, இங்க வா. இன்னாடா வரைஞ்சி வெச்சிக்கிற?"

போர்டு எழுதும் ரகு தலையைச் சொறிந்தான். "ஆர்டர் குடுத்தவங்க சொன்னததாண்ணே வரைஞ்சேன். பேரு சொல்லக் கூடாதுன்னாங்க."

"அந்தோணி, நீதானே?"

"சத்தியமா நான் இல்லண்ணே."

பாக்கியராஜ் கோபத்தில் கையை ஆட்டினார். கையிலிருந்த பைக் சாவியில் ஒரு ஆரஞ்சு இயர் ப்ளக் ஆடியது. காதுக்கென்று மில்லில் கொடுத்ததை அவர் சாவிக்கு மாட்டியிருந்தார். காதை அடைத்துக்கொண்டு வேலை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"யாரா இருந்தாலும் தைரியமா முன்னாடி வரட்டும்" என்று படத்தைப் பார்த்தபடி கத்தினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஹெலன் எழுந்து வந்து, அவருக்குப் பின்னால் நின்றாள்.

"நான்தாங்க போடச் சொன்னேன். மில்லுல மாட்டிக்கோங்கன்னு கெஞ்சினேன், கேக்கல. டாக்டராண்ட கூப்ட்டேன், வரல. நீங்க கும்புடுற அம்மா காதுல பாத்தாவாச்சும் மாட்டிக்குவீங்கன்னுதான். மிச்சம் இருக்கிற காதாச்சும் நிக்கட்டும்."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்கியராஜ் மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தியா ரகு, ஒருத்தராச்சும் வாயத் தொறக்குறாங்களா?"